அந்தத் துவக்கு எங்கிருந்து வந்தது?

2025 பெப்ரவரி 24, திங்கட்கிழமை. கொட்டாஞ்சேனையில் நான் படிப்பிக்கும் பாடசாலையில் முதலாம் பாடவேளை தொடங்குவதற்கு முன்பே ஆறாம் தரத்து வகுப்பு இரைந்துகொண்டிருந்தது. உள்ளே போனபோது இரண்டு பையன்கள் நடுவில் நின்றார்கள். ஒருவனின் கையில் தடித்த ஆங்கில அகராதி. அதைத் திறந்து உள்ளிருந்து ஓர் அடிமட்டத்தை உருவினான். மற்றவனின் நெஞ்சுக்கு நேரே நீட்டினான். மற்றவன் கதிரையில் சரிந்து விழுந்தான். வகுப்பு கைதட்டியது.

என்ன விளையாட்டு என்று நான் கேட்கத் தேவையிருக்கவில்லை. அதற்கு முந்திய புதன்கிழமை, பெப்ரவரி 19ஆம் திகதி, புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணி போல உடுத்து வந்த ஒருவர், உள்ளே வெட்டி எடுக்கப்பட்ட சட்டப் புத்தகத்துக்குள் மறைத்துக் கொண்டுவரப்பட்ட ரிவோல்வரால் கணேமுல்ல சஞ்சீவ என்ற சந்தேக நபரைச் சுட்டுக் கொன்றிருந்தார். வெள்ளிக்கிழமை இரவு எங்கள் கொட்டாஞ்சேனையிலேயே இன்னொருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தச் சத்தத்தைக் கேட்ட பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள்.

அகராதியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, பிள்ளைகளைத் தேற்றுவதற்காக நான் ஒன்று சொன்னேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "அவங்க அவங்களுக்குள்ள சுட்டுக்கொள்றாங்க. நீங்க பயப்படத் தேவையில்ல" என்றேன்.

ஜன்னல் ஓரத்தில் இருந்த ஒரு பிள்ளை கையை உயர்த்தினாள். "அப்ப மித்தெனியவில மௌத்தான அந்த சின்னப் புள்ளைகள் டீச்சர்?" என்று கேட்டாள். நான் பதில் தேடுவதற்குள் அடுத்த கேள்வியும் வந்தது. "டீச்சர், அந்தத் துவக்க அவங்களுக்கு யாரு குடுத்த?"

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்விக்கு நான் தேடிய பதில். நான் சட்டம் படித்தவள் அல்ல. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று இருபது வருடங்களுக்கு மேலாகப் பிள்ளைகளோடு இருப்பவள். ஒரு பிள்ளை கேட்ட கேள்விக்கு அடுத்த நாள் பதிலோடு போக வேண்டும் என்பது எங்களுக்குக் கலாசாலையில் சொல்லித் தந்த பாடம். எனக்கு அடுத்த நாள் போதவில்லை.

மித்தெனியவின் இரண்டு பிள்ளைகள்

முதலாவது கேள்வியையும் விட்டுவிட முடியாது. 2025 பெப்ரவரி 18ஆம் திகதி இரவு, ஹம்பாந்தோட்டை மாவட்டத்தின் மித்தெனியவில், 39 வயதான ஒரு தந்தை தன் பிள்ளைகளோடு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். வழியில் சுட்டார்கள். தந்தை இறந்தார். ஆறு வயது மகளும் இறந்தாள். ஒன்பது வயது மகனும் பிழைக்கவில்லை. அடுத்த நாள் புதுக்கடைக் கொலை நடந்தது. செய்திகள் முழுவதும் அந்தப் பக்கம் திரும்பின. புத்தகத்துக்குள் ஒளித்த துப்பாக்கியும் தப்பிச் சென்ற பெண்ணும் சினிமாக் கதை போல ஆகிவிட்டன. இரண்டு பிள்ளைகளின் ஜனாஸா பின்னுக்குப் போய்விட்டது.

தந்தையின் பின்னணி பற்றிப் பலரும் பலதும் பேசினார்கள். அது என்னவாக இருந்தாலும் ஆறு வயதுப் பிள்ளைக்கு என்ன பின்னணி இருக்க முடியும்? "அவங்களுக்குள்ள சுட்டுக்கொள்றாங்க" என்ற வசனம் நம்மைப் போன்றவர்கள் நிம்மதியாக நித்திரை கொள்ள நாமே உண்டாக்கிக்கொண்ட வசனம். அந்த ஆண்டு முடிவதற்குள் நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட துப்பாக்கிச் சூட்டுச் சம்பவங்கள் பதிவாகின. பெரும்பாலானவை வீதிகளிலும் கடை வாசல்களிலும் வீட்டுப் படலைகளிலும் நடந்தவை. அவை பிள்ளைகள் நடமாடும் இடங்கள்.

துவக்குகள் எங்கே இருக்கின்றன?

இந்த நாட்டில் உள்ள துப்பாக்கிகளை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

முதலாவது, அனுமதிப்பத்திரம் உள்ளவை. யானை, பன்றியிடமிருந்து பயிரைக் காக்க விவசாயி வைத்திருக்கும் ஷொட்கன் இதில் அடங்கும். இதற்கான அனுமதி மாவட்டச் செயலகம் ஊடாகக் கிடைக்கிறது. அரசியல்வாதிகள், வியாபாரிகள் போன்றோர் சுய பாதுகாப்புக்கென வைத்திருக்கும் பிஸ்டல், ரிவோல்வர்களுக்குப் பாதுகாப்பு அமைச்சு அனுமதி கொடுக்கிறது. இரண்டையும் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும்.

இரண்டாவது, அரசின் ஆயுதங்கள். முப்படை, பொலிஸ், சிவில் பாதுகாப்புப் படை ஆகியவற்றிடம் உள்ளவை. முப்பது வருட யுத்தம் நடந்த நாடு என்பதால் இந்தத் தொகை பெரியது.

மூன்றாவது, சட்டவிரோதமானவை. இது ஒரே வகை அல்ல. யுத்தம் முடிந்தபோது கணக்கில் வராமல் போனவை இருக்கின்றன. படை முகாம்களிலிருந்து வெளியே போனவை இருக்கின்றன. கடல் வழியாகப் போதைப்பொருளோடு சேர்ந்து வருபவை இருக்கின்றன. உள்ளூர்ப் பட்டறைகளில் செய்யப்படும் கல்கட்டஸ் எனும் கைத்துப்பாக்கியும், காட்டோரக் கிராமங்களில் மிருகங்களுக்காகக் கம்பி இழுத்துக் கட்டி வைக்கும் கட்டுத்துவக்கும் இருக்கின்றன.

கட்டுத்துவக்கைப் பற்றிக் கொழும்பில் இருக்கும் நாங்கள் அதிகம் யோசிப்பதில்லை. அதற்கு ஆள் தேவையில்லை. பாதைக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் பன்றியின் கால் பட்டாலும் வெடிக்கும், விறகு பொறுக்கப் போன பிள்ளையின் கால் பட்டாலும் வெடிக்கும். வடமத்திய, ஊவா மாகாணங்களில் இதனால் கால் இழந்தவர்களும் உயிர் இழந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு யாரோடும் பகை இருந்ததில்லை.

பாதாள உலகத்தின் கையில் அடிக்கடி காணப்படுவது டி-56. சீனாவில் தயாரான தாக்குதல் துப்பாக்கி. இலங்கைப் படைகளுக்காக இறக்குமதியானது. எந்தக் கடையிலும் விற்பனைக்கு இல்லாத ஓர் ஆயுதம் ஒரு கூலிக் கொலையாளியின் கைக்கு எப்படிப் போனது? 2025இல் ஜனாதிபதி அநுரகுமார திசாநாயக்க இதற்கு ஒரு பகுதி பதிலைப் பகிரங்கமாகச் சொன்னார். ஓர் இராணுவ முகாமிலிருந்து மட்டும் 73 டி-56 துப்பாக்கிகள் பாதாள உலகத்துக்குப் போயிருப்பதாகவும், அவற்றில் ஒரு பகுதியே மீட்கப்பட்டிருப்பதாகவும் அவர் கூறினார்.

என் மாணவி கேட்ட கேள்விக்கு ஒரு நாட்டின் தலைவரே தந்த பதில் இது. அரசாங்கம் எங்களைப் பாதுகாப்பதற்காக எங்கள் வரிப் பணத்தில் வாங்கிய துவக்கு அது.

1916இல் எழுதிய சட்டம்

எங்கள் துப்பாக்கிச் சட்டத்தின் பெயர் சுடுகலன்கள் கட்டளைச் சட்டம். 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கம். முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்ட 1915 கலவரத்துக்கு அடுத்த ஆண்டு, பிரித்தானியர் ஆண்ட காலத்தில் எழுதப்பட்டது. பல தடவைகள் திருத்தப்பட்டாலும் அதன் அடிப்படை இன்றும் அப்படியே இருக்கிறது. அனுமதியில்லாமல் ஒரு குடிமகன் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம் என்பதே அந்த அடிப்படை.

"சட்டம் கடுமையாக இல்லாததால்தான் இப்படி நடக்கிறது" என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையில் தண்டனை கடுமையாகத்தான் இருக்கிறது. 1996ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, தன்னியக்கத் துப்பாக்கி ஒன்றைச் சட்டவிரோதமாக வைத்திருந்தாலே ஆயுள் தண்டனை வரை போகலாம். குண்டுகளுக்கும் கைக்குண்டுகளுக்கும் 1966ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஆபத்தான ஆயுதங்கள் சட்டம் தனியாக இருக்கிறது. அமெரிக்காவைப் போல ஆயுதம் வைத்திருப்பது குடிமகனின் உரிமை என்று எங்கள் அரசியலமைப்பு எங்கும் சொல்லவில்லை.

அப்படியென்றால் எங்கே பிழை? நான் விளங்கிக்கொண்ட அளவில், இந்தச் சட்டம் கேட்கும் கேள்வி "துவக்கு யாருடைய கையில் இருக்கிறது?" என்பது. அந்தக் கேள்விக்குப் பதில் பெரும்பாலும் வெடி விழுந்த பிறகுதான் கிடைக்கிறது. "அது எங்கிருந்து புறப்பட்டது? யாருடைய பொறுப்பில் இருந்தது? காணாமல் போனபோது யார் அறிவித்தது?" என்ற கேள்விகள் அதன் நோக்கத்திலேயே இல்லை. படையினரும் பொலிஸாரும் கடமைக்காக வைத்திருக்கும் ஆயுதங்கள் இந்த அனுமதிப்பத்திர முறைக்கு வெளியே இருக்கின்றன. அவற்றின் கணக்கு அந்தந்த நிறுவனத்தின் உள் விவகாரம். காலனித்துவ அரசுக்கு அது போதுமாக இருந்தது, ஏனென்றால் அதன் பயம் மக்களைப் பற்றியது. ஒரு முகாமின் களஞ்சியத்திலிருந்து 73 தாக்குதல் துப்பாக்கிகள் வெளியே போகும் நாள் வரும் என்று 1916இல் யாரும் நினைத்திருக்கமாட்டார்கள்.

கொட்டாஞ்சேனையில் அந்த வெள்ளிக்கிழமை இரவு நடந்ததற்கு ஒரு தொடர்ச்சியும் உண்டு. கைது செய்யப்பட்ட சந்தேக நபர்கள் இருவர் சில மணி நேரத்துக்குள் பொலிஸாரின் சூட்டில் இறந்தார்கள். ஆயுதத்தைப் பறிக்க முயன்றதாகப் பொலிஸார் கூறினர். எங்கள் பகுதியில் சிலர் "நல்லது" என்றார்கள். எனக்கு அந்த மாணவியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. துவக்கை யார் கொடுத்தது என்று அவர்களைத்தானே முதலில் கேட்டிருக்க வேண்டும்? இறந்தவர் வாக்குமூலம் கொடுக்கமாட்டார். துவக்கைக் கொடுத்தவர் எங்கோ அடுத்த துவக்கோடு இருக்கிறார்.

காணாமல் போன ஓர் ஆயுதத்தின் பயணம்

ஆயுதத்தைத் தேடிப் போகாமல் ஆளை மட்டும் தேடினால் என்ன நடக்கும் என்பதற்கு எங்கள் சமூகத்தைத் தொட்ட ஓர் உதாரணம் இருக்கிறது. பேசுவதற்குக் கசப்பானது என்றாலும் பேசத்தான் வேண்டும்.

2018 நவம்பர் 30ஆம் திகதி, மட்டக்களப்பு வவுணதீவில் கடமையில் இருந்த இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டு அவர்களின் ஆயுதங்கள் பறிக்கப்பட்டன. சந்தேகம் முன்னாள் புலி உறுப்பினர் ஒருவர் மீது விழுந்தது. அவர் மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார். செய்தவர்கள் சஹ்ரானின் குழுவினர் என்பது 2019 ஏப்ரல் 21க்குப் பிறகே வெளியானது. அதற்குள் 250க்கும் மேற்பட்டோர் இறந்திருந்தார்கள். அவர்களில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் சிறுவர்கள். நான் படிப்பிக்கும் இடத்திலிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் நடந்து போகும் தூரம்.

அன்று உயிர்களை எடுத்தவை குண்டுகள்தான், துப்பாக்கிகள் அல்ல. ஆனால் பறிபோன அந்த ஆயுதங்களின் தடத்தை விடாமல் பிடித்துப் போயிருந்தால் அந்தக் குழு ஐந்து மாதங்களுக்கு முன்பே அகப்பட்டிருக்கக்கூடும். ஒரு அப்பாவித் தமிழ்க் குடும்பமும் அத்தனை மாதங்கள் கண்ணீர் விட்டிருக்காது.

அதற்குப் பிறகு நடந்தது எங்கள் எல்லோருக்கும் தெரியும். 2019 மே மாதத் தொடக்கத்தில் வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கச் சொல்லி அறிவித்தார்கள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் வாப்பாவிடம் குர்பானுக்கென்று வைத்திருந்த ஒரு கத்தி இருந்தது. உம்மா அதைப் பழைய சாரத்தில் சுற்றிக் கட்டிலுக்கடியில் வைத்தார். பிறகு எடுத்தார். பிறகு திரும்ப வைத்தார். ஒப்படைத்தால் ஏன் வைத்திருந்தாய் என்று கேட்பார்களோ, ஒப்படைக்காவிட்டால் தேடி வருவார்களோ என்று இரண்டு நாட்கள் வீட்டில் இதே பேச்சு. எழுபது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் தன் வீட்டுச் சமையலறையைப் பார்த்துப் பயந்ததை நான் அன்றுதான் கண்டேன்.

எங்கள் வீட்டுக் கத்தியைக் கணக்கெடுக்க முடிந்த ஒரு நாட்டுக்குத் தன் முகாமின் துப்பாக்கிகளைக் கணக்கெடுக்க முடியாதா? இதைக் கோபத்தில் கேட்கவில்லை. சட்டத் திருத்தம் எங்கே தொடங்க வேண்டும் என்பதை அந்தக் கேள்வி காட்டுகிறது.

நாங்கள் மறக்கக்கூடாத 1990

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, காத்தான்குடியின் இரண்டு பள்ளிவாசல்களில் இஷாத் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஸப்பில் நின்ற சிறுவர்களும் அதில் இருந்தார்கள். வாப்பா ரேடியோவின் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு கிழக்கின் முஸ்லிம் ஊர்களில் ஊர்காவல் படையினருக்கு அரசு ஷொட்கன்களைக் கொடுத்தது. பயந்துபோயிருந்த ஊர்களுக்கு அது அன்றைக்குத் தேவையாகப் பட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஆனால் யுத்த காலத்தில் ஒவ்வொரு சமூகமும் ஒவ்வொரு காரணத்துக்காக ஆயுதத்தைத் தொட்டது. காரணம் முடிந்த பிறகும் ஆயுதம் முடிவதில்லை. எண்ணெய் போட்டு வைத்தால் ஒரு துவக்கு ஒரு மனிதனைவிட நீண்ட காலம் இருக்கும். தந்தை தற்காப்புக்கு எடுத்தது மகனின் காலத்தில் கப்பம் கேட்கப் பயன்படலாம். அதனால்தான் யுத்தத்திலிருந்து மீண்ட நாடுகளுக்கு ஆயுதக் கணக்கு மற்ற நாடுகளைவிட அவசியம்.

மற்ற நாடுகள் செய்தது என்ன?

1996 மார்ச் 13ஆம் திகதி ஸ்கொட்லாந்தின் டன்பிளேன் நகரில் ஓர் ஆரம்பப் பாடசாலைக்குள் புகுந்த ஒருவர் 16 பிள்ளைகளையும் அவர்களின் ஆசிரியையையும் கொன்றார். அவரிடம் இருந்த துப்பாக்கிகள் அனுமதி பெற்றவை. பெற்றோர்கள் ஒன்றுதிரண்டு கேட்டார்கள். அடுத்த ஆண்டே பிரித்தானியா பொதுமக்கள் கைத்துப்பாக்கி வைத்திருப்பதைத் தடை செய்தது. அதே 1996இன் ஏப்ரலில் அவுஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்டபோது, அந்த நாடு சட்டத்தை மாற்றியதோடு ஏறத்தாழ ஆறரை இலட்சம் துப்பாக்கிகளைப் பணம் கொடுத்து வாங்கி அழித்தது.

எங்கள் நெஞ்சுக்கு நெருக்கமானது கிறைஸ்ட்சேர்ச். 2019 மார்ச் 15, ஜும்ஆ நேரம். இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேர் ஷஹீதானார்கள். அவர்களில் மூன்று வயதுக் குழந்தையும் ஒன்று. கொலைகாரனிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது. பிரதமர் ஜசிந்தா ஆர்டன் சில நாட்களிலேயே தடையை அறிவித்தார். ஏப்ரல் 10ஆம் திகதி, ஒரு மாதம் முடிவதற்குள், நியூசிலாந்துப் பாராளுமன்றம் 119க்கு 1 என்ற வாக்குகளால் சட்டத்தை நிறைவேற்றியது. பின்னர் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட துப்பாக்கிகள் மீளப் பெறப்பட்டன.

மறுபக்கம் அமெரிக்கா. 2012இல் சாண்டி ஹூக் பாடசாலையில் 20 பிள்ளைகள், 2022இல் டெக்சாஸின் யுவால்டியில் 19 பிள்ளைகள். ஒவ்வொரு தடவையும் அழுதார்கள். 2020 முதல் அந்த நாட்டில் சிறுவர், இளம்பருவத்தினரின் மரணத்துக்கு முதலாவது காரணம் துப்பாக்கி. வாகன விபத்தையும் அது முந்திவிட்டது.

எங்கள் நிலைமை இந்த எந்த நாட்டையும் போன்றதல்ல. அங்கே கடையில் வாங்கிய துப்பாக்கி பிரச்சினை. இங்கே களஞ்சியத்திலிருந்து போன துப்பாக்கி பிரச்சினை. ஆகவே அவர்களின் சட்டத்தை அப்படியே கொண்டுவருவதில் பயனில்லை. அவர்களிடம் கற்க வேண்டியது, துப்பாக்கி எந்த வாசலால் வெளியே வந்தது என்று பார்த்து அந்த வாசலை மூடினார்கள் என்பதை.

எந்த வாசல்களை மூட வேண்டும்?

ஓர் ஆசிரியையாக நான் கேட்பவை இவைதான். சட்டம் தெரிந்தவர்கள் இவற்றைச் சரியான வார்த்தைகளில் எழுதட்டும்.

முதலாவது, அரசின் ஒவ்வொரு துப்பாக்கியின் இலக்கமும் ஒரே பதிவேட்டில் இருக்க வேண்டும். படைக்கு ஒன்று, பொலிஸுக்கு ஒன்று என்று இருக்கக்கூடாது. ஓர் ஆயுதம் காணாமல் போனால் குறித்த மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் மறைத்த அதிகாரி சட்டத்தின் முன் நிற்க வேண்டும். எத்தனை காணாமல் போயின, எத்தனை மீண்டன என்பதை வருடத்துக்கு ஒரு தடவை பாராளுமன்றத்தில் சொல்ல வேண்டும். எங்கள் பாடசாலையில் ஒரு கதிரை குறைந்தாலே வருட இறுதிப் பொருட் கணக்கெடுப்பில் அதிபர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, மீட்கப்படும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒரு "பிறப்புச் சான்றிதழ்" தேட வேண்டும். அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் துப்பாக்கியையும் தோட்டாவையும் பரிசோதிக்கிறது. அந்த அறிக்கை கொலை வழக்கோடு முடிந்துவிடாமல், ஆயுதம் வந்த வழியைப் பற்றிய தனி விசாரணைக்கு அடிப்படையாக வேண்டும்.

மூன்றாவது, வீட்டில் வைத்திருக்கும் அனுமதி பெற்ற துப்பாக்கி. 2024 நவம்பரில் சுய பாதுகாப்புக்கென வழங்கிய துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்கும்படி பாதுகாப்பு அமைச்சு அறிவித்தது நல்ல தொடக்கம். அனுமதியைப் புதுப்பிக்கும்போது கட்டணத்தோடு சேர்த்து இன்னும் சில கேள்விகளும் கேட்கப்பட வேண்டும். பூட்டி வைக்கும் பெட்டி இருக்கிறதா? தோட்டா வேறு இடத்தில் இருக்கிறதா? வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்களா? பிள்ளையின் கைக்கு எட்டும்படி துப்பாக்கியை வைத்திருப்பது, வெடிக்காவிட்டாலும், தனிக் குற்றமாக எழுதப்பட வேண்டும்.

நான்காவது, கட்டுத்துவக்கு. விவசாயியைச் சிறையில் தள்ளுவதால் மட்டும் இது தீராது. பன்றி அவனுடைய ஒரு போக விளைச்சலை ஓர் இரவில் அழிக்கிறது. மின்வேலிக்கும் நட்டஈட்டுக்கும் அரசு வழி செய்துவிட்டு, அதன் பிறகு மனிதர் நடக்கும் பாதையில் துவக்குக் கட்டுபவரைக் கடுமையாகத் தண்டிக்கலாம்.

ஐந்தாவது, பொது மன்னிப்புக் காலம். ஒப்படைப்பவரிடம் கேள்வி கேட்பதில்லை என்ற உறுதியோடு, குறித்த சில மாதங்கள் திறந்து வைக்க வேண்டும். எங்கள் வாப்பாவின் கத்தியைப் போல, பயத்தினால் ஒளித்து வைக்கப்பட்டிருக்கும் துவக்குகள் எத்தனையோ வீடுகளில் இருக்கலாம்.

ஆறாவது, கண்ட பிள்ளைகள். குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டமும் அதன் இடத்தில் 2023இல் 10ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. தன் வீட்டு வாசலில் கொலையைக் கண்ட பத்து வயதுப் பிள்ளையும் பாதிக்கப்பட்டவர்தான். அந்தப் பிள்ளைக்கு உளவளத் துணை பாடசாலைக்கே தேடி வர வேண்டும். அந்த மாதம் என் வகுப்பில் ஒரு பையன் பட்டாசுச் சத்தம் கேட்டால் மேசைக்கடியில் புகுந்துகொண்டான். அவனுக்கு என்ன செய்வது என்று ஒரு சுற்றறிக்கையும் என் கைக்கு வரவில்லை. நானும் மேசைக்கடியில் உட்கார்ந்து அவனோடு கதைத்தேன். எனக்குத் தெரிந்த வழி அதுதான்.

மார்க்கம் சொன்ன பாதுகாப்பு விதி

ஆயுதம் பற்றிய ஒழுக்கம் எங்களுக்குப் புதிதல்ல. பள்ளிவாசலிலோ சந்தையிலோ அம்போடு நடப்பவர் அதன் கூர்முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், யாருக்கும் காயம் பட்டுவிடக்கூடாது என்று நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் அறிவுறுத்திய செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. தன் சகோதரனை நோக்கி ஆயுதத்தை நீட்டுவதையும் அவர்கள் தடுத்தார்கள். நீட்டியவன் நினைக்காவிட்டாலும் ஷைத்தான் அவன் கையை இழுத்துவிடலாம் என்பது அதன் காரணம்.

இதில் இருக்கும் சட்ட நுட்பத்தைக் கவனியுங்கள். காயம் பட்ட பிறகு தண்டிப்பதைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஆயுதத்தை வைத்திருப்பவர், அது யாரையும் தொடுவதற்கு முன்பே அதற்குப் பொறுப்பு. முகாமின் களஞ்சியப் பொறுப்பாளருக்கும், வீட்டு அலுமாரியில் பிஸ்டல் வைத்திருக்கும் வியாபாரிக்கும், காட்டில் கம்பி இழுப்பவருக்கும் பொருந்தும் ஒரே விதி இது. நாங்கள் கேட்கும் சட்டத் திருத்தத்தின் சாரமும் இதுதான்.

எங்கள் வீட்டுப் பங்கு

அந்த ஆண்டு நோன்புப் பெருநாள் மார்ச் கடைசியில் வந்தது. பெருநாள் பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலிமுகத்திடலுக்குப் போனோம். புதுச் சட்டை போட்ட பையன்களில் பலரின் கையில் ப்ளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துவக்கு. பெருநாள் காசில் வாங்கியது. என் நானாவின் மகனும் ஒன்று வைத்திருந்தான். தங்கச்சியின் முகத்துக்கு நேரே நீட்டினான். நாங்கள் பெரியவர்கள் சிரித்துக்கொண்டிருந்தோம். நானும்தான். பிறகு அகராதியும் அடிமட்டமும் நினைவுக்கு வந்தன.

விளையாட்டுத் துவக்கால் ஒரு பிள்ளை கொலைகாரனாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. கண்ணில் பட்டால் அந்தக் குண்டும் காயப்படுத்தும் என்பது ஒருபுறம். அதைவிட, இருபத்தைந்து கொலைக் காணொளிகளைத் தொலைபேசியில் பார்த்த பிள்ளைக்கு, துவக்கு என்பது பெரிய மனிதரின் அடையாளமாகத் தெரிகிறது. "அந்த அண்ணாவிட்ட சாமான் இருக்கு" என்று பிள்ளைகள் மரியாதையோடு சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். கூலிக்குச் சுடப் போனவர்கள் பலர் இருபதுகளில் இருப்பவர்கள். பத்து வருடங்களுக்கு முன் அவர்களும் ஏதோ ஒரு வகுப்பில் கதிரையில் இருந்தவர்கள்தான்.

ஆகவே சில சின்ன வேண்டுகோள்கள். கொலைக் காணொளிகளைக் குடும்பக் குழுமங்களில் பகிராதீர்கள். பிள்ளை ஒரு துவக்கைக் கண்டதாகச் சொன்னால் அதட்டி வாயை மூடாதீர்கள், கேளுங்கள். 119க்கோ, சிறுவர் சம்பந்தப்பட்டதென்றால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929க்கோ சொல்லுங்கள். கதீப்மார் ஒரு ஜும்ஆவை இதற்காக ஒதுக்குங்கள். எங்கள் பாராளுமன்ற உறுப்பினர்களைச் சந்திக்கும்போது வீதி விளக்கையும் இடமாற்றத்தையும் கேட்பதோடு, 1916ஆம் ஆண்டுச் சட்டத்தை மாற்றுவதற்கு அவர் என்ன செய்தார் என்றும் கேளுங்கள். இதை முஸ்லிம்கள் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. மித்தெனியவின் தாயும், கொச்சிக்கடையில் பிள்ளையை இழந்த தாயும், காத்தான்குடியின் தாயும் ஒரே மனுவில் கையெழுத்திடக்கூடிய விடயம் இது.

என் மாணவி இப்போது ஏழாம் தரத்தில் இருக்கிறாள். சில வாரங்கள் பிந்தி நான் அவளுக்குப் பதில் சொன்னேன். "நாங்க பாதுகாப்பா இருக்கணும் எண்டு வாங்கின துவக்குகள்ல சிலது மகள். அத ஒழுங்கா எண்ணி வைக்காததால அவங்கட கைக்குப் போயிட்டு" என்றேன்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். "அப்ப இனி எண்ணுவாங்களா டீச்சர்?" என்று கேட்டாள்.

இன்ஷா அல்லாஹ் என்று சொன்னேன். அந்த வார்த்தையைச் சொன்னவருக்கு முயற்சி செய்யும் கடமையும் வந்துவிடுகிறது. அதனால்தான் இதை எழுதினேன். வாசிக்கும் உங்களுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.